இடம் விடாத கொரூட்டீன்

சனி, 11
வாடைக் காற்று. மழை விட்டு விட்டு. மீனவர் ரிபாயின் உடல் காலையில் கிண்ணியாக் கரையில் ஒதுங்கியது. பின்னேரம் அடக்கம். நேற்று ஜும்மாத் தொழுகை முடிந்து முதலில் இறங்கிய படகு அவருடையது. கொட்டியார்க் குடாவில் கவிழ்ந்தது. கூடப்போன அவருடைய தம்பி நசீர் மட்டும் தப்பினார்.
மீனவர் சங்கத்தின் படகுப் பதிவு மென்பொருள் நான் எழுதியது. படகிலிருந்து அமத்தும் ஆபத்துப் பட்டனும். 

ஞாயிறு, 12
மென்பொருள் நேரத்தோடு எழுதிவைக்கும் லொக்கைப் பார்த்தேன். ஆபத்துச் செய்தி வந்தது 1.40. சங்கத் திரையில் தெரிந்தது 2.22.
நடுவில் எண்பதுக்கு மேல் பதிவுகள். வெள்ளியில் தொழுகை முடியும்வரை கிண்ணியாவில் ஒரு படகும் இறங்காது, முடிந்ததும் எல்லாம் ஒன்றாய் இறங்கும். சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். நான் சோதித்தது செவ்வாயில், பத்துப் படகோடு. மடையன்.
ஒவ்வொரு பதிவும் ஒரு கொரூட்டீன், முறை வைத்து ஓடும் சின்ன வேலை. அது தானாக இடம் விட்டால்தான் அடுத்தது ஓடும். என்னுடையது முழுப் பட்டியலையும் திரும்ப எழுதி முடிக்கும்வரை விடாது. ஒரு பதிவுக்கு அரை நிமிடம். ஆபத்துச் செய்தியும் வந்த வரிசையிலேயே நின்றது. பதிவு முடியாமல் படகு இறக்கக்கூடாது என்பது சங்க விதி. அத்தனை பேரும் கரையில் சும்மா நின்றார்கள்.
செய்ய:
- பட்டியல் வேலையைத் துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு இடம் விடுதல்
- ஆபத்துக்கு முன்னுரிமை வரிசை (இது மட்டும் போதாது, ஓடிக்கொண்டிருப்பது இடம் விட்டால்தானே)
- ஆபத்துக்குத் தனித் திரெட் (வரிசைக்கு வெளியே தனியாக ஓடும் பாதை)
- மின் பில்
முதல் மூன்றும் ஒரு பின்னேர வேலை. முன்பே செய்திருக்கலாம்.

திங்கள், 13
செய்தாயிற்று. நூறு படகு போட்டுப் பார்த்தேன். ஒரு செக்கனுக்குள் வருகிறது. சந்தோஷமே இல்லை.
சங்கச் செயலாளர் ஹனீபா ஹாஜியாருக்கு லொக்கைக் காட்டினேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.
"இத ஒருத்தரிட்டயும் கதைக்காதீங்க தம்பி. மௌத்தானவன் திரும்பி வரப்போறானா?"
ஓம், சரி என்றேன். கோழை.
நான் கிளம்பும்போது சொன்னார்: நசீர் சாப்பிடுவதில்லையாம். கை ஈரம், பட்டனைச் சரியாக அமத்தவில்லை, நானாவை (அண்ணனை) கொன்றது நான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.
நித்திரை இல்லை.

செவ்வாய், 14
வெயில். பஸ்ஸில் கிண்ணியா. நசீர் கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. உள்ளே திரைக்குப் பின்னால் ரிபாயின் மனைவி, விதவை ஒதுங்கியிருக்கும் இத்தாவில். அழுகை கேட்டது.
"நசீர், நீங்கள் அமத்தினது சரியா வந்தது. ஒண்டு நாப்பதுக்கே வந்திட்டுது. பிழை நான் எழுதினதில. அது வரிசையில நிண்டது."
அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். உள்ளே அழுகை நின்றது. நசீர் கேட்டார்:
"எவ்வளவு நேரம் நிண்டது?"
"நாப்பத்திரண்டு நிமிசம்."
நசீர் தன் கையையே பார்த்தார்.
"அவ்வளவு நேரமும் நானா உசிரோடதான் இருந்தார்."