நீளச் சங்கிலியும் லிஸ்பெத்தின் நீலச் சட்டையும்

மார்ச் 3, திங்கள்

ஹேர்னிங் நகரத் துணிக்கடையில் முதல் நாள். இக்காஸ்ட்டில் பத்தொன்பது வருடம் தையல் வேலை செய்த தொழிற்சாலை மூடியபின், வேலை தேடித்தரும் அரசாங்க அலுவலகமான யொப்சென்டர் பிடித்துத் தந்த நாலு கிழமைப் பயிற்சி இது. பிடித்துப்போனால் கடைக்காரி வேலைக்கு எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம்.

என் கணவருக்கு இதில் விருப்பமில்லை. "நாப்பத்தெட்டு வயசில கடையில நிண்டு என்ன செய்யப்போறீர்? என்னோட முதியோர் இல்லத்துக்கு வாரும். அங்க எப்பவும் ஆள் தேவை" என்கிறார். அவர் சொல்வது பிழையில்லை. ஆனால் எனக்குத் துணி தெரியும்.

கடைக்காரி கிர்ஸ்டன் அமைதியான மனுசி. கழுத்தில் போடும் நீளச் சங்கிலிகளை எல்லாம் ஒரே கொக்கியில் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார். "இதுகள் விக்காது" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது.

மார்ச் 5, புதன்

சிக்கெடுக்கவே காலை முழுக்கப் போய்விட்டது. பிறகு கேட்காமலே உடுப்புப் போட்ட கடைப் பொம்மைகளுக்குச் சங்கிலிகளைப் போட்டேன். சாம்பல் நிற உயர்கழுத்துக் கம்பளிச் சட்டைக்கு வெள்ளிச் சங்கிலி, பதக்கம் நெஞ்சுக்குக் கீழே. பூப்போட்ட சட்டைக்குப் பதக்கம் கூடாது, ஒரே நிற மணி போதும். வெள்ளை ஷேர்ட்டுக்குக் கொலருக்கு அடியால் விட்டேன். இடுப்பில் பெல்ட் இருந்தால் சங்கிலி அதற்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். இரண்டும் இடித்தால் பார்க்கிற கண் தடுமாறும். முப்பது வருடம் சேலை கட்டுகிறவளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

மாலைக்குள் மூன்று சங்கிலி போனது. கிர்ஸ்டன் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஐந்து.

மார்ச் 11, செவ்வாய்

என்ன வேலை பார்த்தன் நான்!

அறுபது வயதிருக்கும் ஒரு பெண் வந்தார். பெயர் லிஸ்பெத். மகளின் கலியாணத்துக்குக் கடல்நீலத்தில் நீளச் சட்டை எடுத்தார். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று, பெரிய பதக்கம் வைத்த நீளச் சங்கிலியை நானே ஓடிப்போய் எடுத்துப் போட்டுவிட்டேன். பதக்கம் வலப்பக்கம் சரிந்தது. நடுவுக்கு இழுத்துவிட்டேன். திரும்பவும் சரிந்தது. "நேரா நில்லுங்கோ" என்று வேறு சொன்னேன்.

அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். பிறகு சங்கிலியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, சட்டையையும் விட்டுவிட்டுப் போனார்.

கிர்ஸ்டன் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். "மூண்டு வருசத்துக்கு முதல் புற்றுநோயால வலப்பக்க மார்பை எடுத்தவ. உனக்குத் தெரியாதுதான். ஆனா கேக்காம ஒருத்தரிலயும் கை வைக்காத."

தெரியாது. ஆனால் கண் இருந்ததே! பதக்கம் ஏன் சரியுதெண்டு யோசிக்க மாட்டனோ?

மார்ச் 12, புதன்

அழுது என்ன? இரவல் கேட்டு அந்த நீலச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் மட்டும் துணி அடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். மகள் துவாரகா கதவைத் திறந்து, டெனிஷ் மொழியில் "அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று சிரித்தாள். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே வந்து பின்பக்கம் பிடித்துத் தந்தாள்.

எதை நடுவில் விட்டாலும் சரிகிறது. அப்படியென்றால் ஏன் நடுவில் விட வேண்டும்? சேலைக்கு நீளச் சங்கிலி போட்டால் அசையாமலிருக்கத் தோளோடு குத்திவிடுகிறோமே! பதக்கமில்லாத மணிச் சங்கிலி ஒன்றை எடுத்து, இடத்தோளுக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சைப் பிடிக்கச் சட்டையில் அதே நீல நூலால் சின்னக் கண்ணி தைத்தேன். இரண்டு சரமும் இடப்பக்கமாக இடுப்புவரை இறங்கின. குனிந்தேன், நடந்தேன், கை தூக்கினேன். அசையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிர்ஸ்டன் "விடு, இனி அவவைத் தொந்தரவு செய்யாத" என்றார். "ஒருக்கா மட்டும் போன் எடுத்துத் தாங்கோ. நான் மன்னிப்புக் கேக்கவேணும்" என்றேன். தந்தார்.

லிஸ்பெத் மாலையில் வந்தார். இந்தமுறை முதலில் கேட்டேன்: "நான் போட்டுக் காட்டவோ, நீங்களே போடுறீங்களோ?"

"நீ போடு" என்றார்.

முடிச்சைக் கண்ணியில் மாட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பினார். பிறகு, "இது சரிஞ்சு கிடக்கிற மாதிரி இல்லை. வேணுமெண்டே போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"வேணுமெண்டுதான் போட்டது."

சிரித்தார். முதன்முறையாக இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

மார்ச் 24, திங்கள்

லிஸ்பெத் ஒரு படத்தோடு வந்தார். அதில் அந்த நீலச் சட்டையோடு, கலியாணத்தில் மகளோடு ஆடுகிறார். சங்கிலி அவர் பேச்சைக் கேட்டு நிற்கிறது.

மார்ச் 28, வெள்ளி

கடைசி நாள். கிர்ஸ்டன் இன்னும் நாலு கிழமைப் பயிற்சிக்கு எழுதலாம் என்றார். நான் சொன்னேன்: "இல்லை. வேலையெண்டா வாறன். பயிற்சி நான் முடிச்சிட்டன்."

திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லாத்தான் கேட்டிருக்கிறீர்" என்றார்.

மார்ச் 31, திங்கள்

கிர்ஸ்டனிடமிருந்து தொலைபேசி வரவில்லை. மூன்று சோடி யன்னல் சீலை தைத்து முடித்தேன். கேட்டது பிழையென்று இப்போதும் தோன்றவில்லை.

யூலை 14, திங்கள்

ஏப்ரலில் என்னை வேலைக்கு எடுத்த கிர்ஸ்டன், கடையை என் பொறுப்பில் விட்டு இரண்டு கிழமை விடுமுறையில் போய்விட்டார். காலை நானே கடையைத் திறந்தேன். திறக்க முன்னமே வாசலில் இரண்டு பெண்கள், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டைகளோடு. மூத்தவர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "லிஸ்பெத் அனுப்பினவ. பரம் எண்டது ஆர்?"

"நான்தான்" என்றேன். "உள்ள வாங்கோ."