கடைசிப் பதிவில் என் குரல்

சைலஸ்,

ஆமாம், கடைசி ஒலிப்பதிவை இன்னும் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் ஆய்வு விதி. இதில் நானும் பேசிவிட்டேன்.

அந்த ஸ்காட்லாந்து மீனவ ஊரின் கேலிக் மொழி வழக்கைப் பேச இனி மோராக் என்ற பாட்டி ஒருவர்தான் மிச்சம். தங்கை இறந்தபின் அவருக்குப் பேச ஆளில்லை. போனில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, “இத்தனை வருஷமா என்னையே கேக்குறியே, நீ என்ன சாப்பிட்டே?” என்றார்.

நின்றுகொண்டே பிரெட் தின்றதை அவர் மொழியில் சொன்னேன். நீ வேலைக்காக சுகர் லேண்டு ஊருக்குப் போனதிலிருந்து அப்படித்தான் என்றும் சொன்னேன்.

“அவனுக்குத் தெரியுமா?”

அவரிடம் சொன்னதையே இப்போது உனக்குத் தமிழில் எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது.

ஜெர்சி சிட்டியிலிருந்து,
உன் மனைவி

பி.கு.: இதை எழுதி முடித்ததும் பதிவை எங்கும் வெட்டாமல் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.