கீழே வைத்த காப்பி

அன்பு மகன் நாயிஃபுக்கு உம்மா ஹம்தா எழுதுவது. இறைவன் கிருபையில் இங்கே நான் சுகம், உன் தங்கச்சி வத்ஹா சுகம், ஆடுகள் சுகம், உன் வாப்பாவுக்கும் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். போன் பண்ணும்போதெல்லாம் வத்ஹா கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்கிறாய், நானும் பார்ப்போம் பார்ப்போம் என்று இரண்டு மாதமாக மழுப்பிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய. பழைய கல்லைப் பற்றிப் படிக்கப் போனவன் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நம் பாலைவனத்து மலை மேல் இருக்கிற நபி ஹாரூன் கபுரின் சாவியை முப்பது வருஷமாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற மனுஷனிடமே போய், உள்ளே அவர்தான் அடங்கியிருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாயே. "ஆதாரம் கிடைச்ச பிறகு இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கட்டும்" என்று அன்றைக்குச் சொன்னவர் மூன்று வருஷமாக உன் பெயரைச் சொல்வதில்லை. "ஜெர்மனி போன் பண்ணுச்சா?" என்றுதான் கேட்பார், ஏதோ அந்த நாடே எனக்குப் பிறந்த மாதிரி. இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. பிறந்த கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய், ஆனால் மூன்று நாள் இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

போன மாதக் கடைசியில் மாப்பிள்ளையின் வாப்பா அபூ ஜத்ஆன் கல்யாணத் தேதி குறிக்க ஆட்களோடு வந்து நம் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து உன் வாப்பா மலையிலிருந்து ஒரு மனுஷரை அழைத்துக்கொண்டு இறங்கினார். தன்னந்தனியாக வந்தவர், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் மூக்கு தோலுரிந்து தக்காளி மாதிரி இருந்தது. தொப்பியில் இருந்த கொடியைப் பார்த்துத்தான் கொரியாக்காரர் என்று தெரிந்தது. கையில் வேதப் புத்தகம், அதற்குள் ஒரு பட்டியல். வேதத்தில் வருகிற இடமெல்லாம் வரிசையாக எழுதி, பார்த்த இடத்துக்கு டிக் போட்டு வைத்திருந்தார். மூஸா நபி பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைத்த ஊற்று இந்த ஊரிலும் இருக்கிறது, வடக்கே நெபோ மலைப் பக்கமும் இருக்கிறதே, எது சரி என்று தெரிந்த அரைகுறை அரபியில் வழியெல்லாம் கேட்டாராம். "அவருக்கு ரெண்டு தடவை தாகம் எடுத்திருக்கும்" என்றாராம் உன் வாப்பா. அந்த மனுஷரும் இரண்டுக்கும் டிக் போட்டுவிட்டார். இவ்வளவுதான் விஷயம், உனக்குத்தான் அது வரவில்லை.

விருந்தாளிக்கு முதல் காப்பி. உன் வாப்பா ஊற்றிக் கொடுத்தார், அவர் இரண்டு கையாலும் வாங்கினார், முகர்ந்தார், குடிக்காமல் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காப்பியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காரியமாக வந்திருக்கிறேன், அதைத் தருவதாகச் சொன்னால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். அதுவும் சம்பந்தி முன்னாலேயே. உன் வாப்பாவுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "குடிங்க, நீங்க வந்த காரியம் ஆச்சு, கேட்டது கிடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷர் சுற்றிலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று குடித்தார். குடித்ததும் நெஞ்சில் கை வைத்து ஒரு முனகல். அது ஆசையால் வந்த முனகல் என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள்.

கேட்டது என்ன என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாளும் ஒரு பொழுதும் முடியாமல் விருந்தாளியிடம் பெயர்கூடக் கேட்கக் கூடாதே. அபூ ஜத்ஆன் என்னைக் கூப்பிட்டு, "அவர் கேட்டது வத்ஹாவா இருந்தா என் பையன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போறதா? தெரியாம நான் தேதி குறிக்க மாட்டேன்" என்று அங்கேயே பாயை விரித்துவிட்டார். வத்ஹா அழுது கண் வீங்கிப்போனாள். உன் வாப்பா முதலில் பெண் ஒட்டகத்தை மலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார். பிறகு, "ஹம்தா, சாவியைக் கேட்டுட்டா என்னடி பண்றது" என்று முகம் வெளுத்து, குளிக்கும்போதும் சாவியை அவிழ்க்கவில்லை. விருந்தாளி பையைத் தூக்கும்போதெல்லாம் உபசாரமாக வாரைப் பிடித்து உட்கார வைத்தார். காலையில் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்த இடத்தையே திரும்பக் காட்டினார், அவரும் மரியாதைக்கு ஒரே இடத்துக்கு மூன்று டிக் போட்டார். தண்ணீர்த் தொட்டியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார் என்பதற்காக ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் பேச்சு.

நாலாம் நாள் அபூ ஜத்ஆன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, "நேரம் ஆச்சு, கேளுங்க" என்றார். உன் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு என்ன கேட்டு வந்தீங்க?" என்றார். அந்த மனுஷர், "ஐயா, எனக்கு நெஞ்செரிச்சல், காப்பி ஆகாது, சொல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம், மூணு நாளா ஒண்ணு கேட்கணும், நான் ஊருக்குப் போகலாமா?" என்றார். அபூ ஜத்ஆன் சிரித்த சிரிப்பில் தலைத்துணி மேல் கட்டியிருந்த கயிறு கழன்று விழுந்தது. உன் வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சொன்ன சொல் சொன்னதுதான். போகலாம், கொடுத்தாச்சு" என்று ராஜ்யத்தை எழுதிக் கொடுப்பது மாதிரிச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. நேராக ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்து உன் வாப்பாவிடம் எனக்கும் ஊற்றுங்கள் என்றேன். ஊற்றினார். வாங்கித் தரையில் வைத்தேன். எனக்கு நெஞ்செரிச்சல் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "உனக்கு என்ன வேணும்?" என்றார். "கேட்கக் கூடாதுய்யா, மொதல்ல சொல்லைக் கொடு" என்றார் அபூ ஜத்ஆன். கொரியாக்காரர் பயந்துபோய் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் வாப்பா சாவியைக் கொஞ்ச நேரம் விரலால் தடவினார். காப்பி ஆறிவிட்டது, நான் கையை எடுக்கவில்லை. கடைசியில், "குடி. கிடைச்சாச்சு" என்றார். குடித்துவிட்டு உன் பெயரைச் சொன்னேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடாரத்தில் உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன் மகனே, சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு, "நாயிஃப் விருந்தாளியா வரட்டும். மூணு நாளும் ஒரு பொழுதும் நான் எதையும் கேட்க மாட்டேன்" என்றார்.

தேதி அடுத்த மாதம் இரண்டாவது வியாழன். கம்பளிச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வா, வத்ஹாவுக்கு ஒரு நல்ல கைப்பை வாங்கி வா. நாலாம் நாள் அவர் ஆதாரம் எங்கே என்று கேட்டால், அவருக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டிரு, முழங்கால் வலியில் பாதி வழியில் மறந்துவிடுவார். நீண்ட ஆயுளும் நல்ல பிழைப்பும் உனக்கு இறைவன் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்து உட்கார்ந்ததும் வாப்பா கையால் காப்பி ஊற்றித் தருவார். சூடாக இருந்தாலும், நாக்கு வெந்தாலும், கீழே வைத்துவிடாதே.

வழி பார்த்திருக்கும் உன் உம்மா,
ஹம்தா