தந்தத் தகட்டில் பிச்சம்மாள்

வலியசாலை,
திருவனந்தபுரம்,
28-10-1933

சிரஞ்சீவி சூடாமணிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பம்பாய் மாதுங்காவில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என் அத்தை பிச்சம்மாளின் காரியமெல்லாம் நேற்றோடு முடிந்தது, வந்தவர்கள் போய்விட்டார்கள், துலா மழை விடாமல் கொட்டுகிறது. உன் அம்மா போன பிறகு அடுக்களையில் அத்தை பாத்திரம் உருட்டும் சத்தம்தான் வீட்டுக்கு உயிராக இருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் தெரிகிறது. நானே ரசம் வைக்கிறேன், அதைப் பற்றி எழுதாமல் இருப்பதுதான் ரசத்துக்கு மரியாதை.

நம் பூஜை அலமாரியில் உள்ளங்கை அகலத் தந்தத் தகட்டில் எழுதிய படம் உனக்கு நினைவிருக்கும், ராக்கொடியும் நீளப் பின்னலுமாக ஒரு பெண். சுமங்கலிப் பிரார்த்தனைதோறும் உன் அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, நம் வீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு போன புண்ணியவதி என்று உன்னையும் நமஸ்காரம் பண்ணச் சொல்வாள். பேர் யாருக்கும் தெரியாது. என் அம்மா மருமகளாக வந்த புதிதில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, யார் இது என்று மாமனாரைக் கேட்டாளாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். செத்துப்போன சுமங்கலி என்று அம்மா தானே தீர்மானித்துவிட்டாள்.

அத்தை படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் அந்தப் படத்தைக் கேட்டாள். சுமங்கலிப் படத்தை அவள் கையில் எப்படிக் கொடுப்பது என்று நான் மென்று விழுங்கினேன். அது நான்தாண்டா நாகு, என்றாள். பதினோரு வயதில் கல்யாணத்தின்போது, அரண்மனைக்குப் படம் எழுதுகிறவர் ஒருவரைத் தாத்தா அழைத்து வந்தாராம், ஆடாமல் உட்காரச் சீடை கொடுத்தார்களாம். அப்போது என் அப்பா கைக்குழந்தை. அடுத்த வருஷமே புருஷன் வாந்திபேதியில் போய்விட்டார். நகை போயிற்று, படம் பெட்டிக்குள் போயிற்று, பிறகு தலைமுடியும் போயிற்று. பிரார்த்தனைக்குப் போளி தட்டுவது அவள், குங்குமம் வைக்கும் நேரத்தில் எதிரே வரக்கூடாது என்று பின்கட்டுக்குப் போவதும் அவள். ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தா அந்தப் பொட்டையும் அழிச்சிருப்பேளே, என்றாள். கொடுத்தேன். கடைசிவரை அந்தப் பின்னலைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை தாங்கவில்லை.

மாப்பிள்ளை தவறியபின், பள்ளிக்கூட வேலையை விட்டு இங்கே வந்துவிடு, அத்தைக்கு என்ன குறைச்சல், அவளைப் போல இருந்துவிடலாம் என்று போன மாதம் உனக்கு எழுதினேனே, அந்தக் கடுதாசியைக் கிழித்துப் போடு. வராதே குழந்தை. நீ வந்தால் இந்த வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்கும் என்று எனக்கு எவ்வளவு ஆசை, உனக்குத் தெரியாது. ஆனாலும் வராதே. தெருவில் பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், பேசினால் அவர்கள் வாய்தான் வலிக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, தீர்க்காயுசாக உன் மனசுப்படி இரு. படத்தைப் பஞ்சில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். படத்துக்குப் போட்ட கண்ணாடியில் உன் அம்மா கடைசியாக வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் துடைக்காதே. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நீயும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகேஸ்வரன்