வலிக்காது என்றேன்

வியாழன், இரவு

மன்னவனூர் மருத்துவ முகாமுக்கு இன்று வந்த ஐந்து வயதுச் சிறுமிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். "ஊசி கிடையாது பாப்பா, மேல வச்சுப் பாப்போம், வலிக்காது" என்று கவுனைத் தூக்கினேன். ஸ்கேன் கருவியை வைக்கவேண்டிய வலது விலாவில் சூடு போட்ட கொப்புளங்கள்.

"காமாலை எறங்கும்னு இவருதாங்க சுட்டாரு" என்றாள் தாய். தகப்பன் அவள் வாயிலேயே அறைந்தான். உதடு கிழிந்தது. "வாடி போவோம்" என்று பிள்ளையை இழுத்தான். மறித்த என்னைச் சுவரில் தள்ளினான். நானும் அவனை அறைந்தேன். இதுவரை யாரையும் அடித்ததில்லை.

"சண்டை போடாதீங்கக்கா" என்று சிறுமி தன் இடப்பக்கத்தைக் காட்டினாள். "இங்க வைங்க, இங்க சுடல."

தகப்பன் அவள் கையை விட்டான்.

கல்லீரல் வலப்பக்கம்தான் இருக்கிறது என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே காட்டிப் படுத்தாள். கொப்புளங்களுக்கு நடுவே கருவியை அழுத்தினேன்.