யாரும் கேக்காத ரொட்டி

என் வீட்டுக்காரருக்கு ஸ்தோத்திரம். இருமல் கொறைஞ்சுச்சா? போன்ல ஒங்களுக்குக் காது கேக்காதேன்னுதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கெழமை இங்க கண்டி சபையில அறுப்புப் பண்டிகை ஏலம். நம்மூரு சலோமி, இப்ப இங்க மாடி வீடு கட்டிட்டா, அவ வச்ச கேக்குக்குப் போட்டி. என் தேங்கா ரொட்டிய ஒருத்தரும் கேக்கல. "அடுத்த வருசம் நீங்களும் கேக் அடிங்கக்கா"ன்னா சலோமி. முந்தின்னா அழுதிருப்பேன். இப்ப ஒண்ணும் தோணல. ஆண்டவருக்குன்னு சுட்டேன், அவரு பாத்தாரு, எனக்கு அது போதும்.

நானே ஏலம் கேட்டு எடுத்து, பஸ்ஸுல தின்னேன். எறங்குறப்ப பாத்தா, பாதியப் பிச்சு ஒங்களுக்குன்னு மடியில வச்சிருக்கேன்.

இங்க குளிரு. வவுனியாவுல இருந்து யாராச்சும் வந்தா என் நீலப் போர்வைய குடுத்து விடுங்க.

வேல பாக்குற வீட்டு நோனா கூப்புடுறாங்க. அந்தப் பாதி ரொட்டி காஞ்சிருச்சு, இன்னும் வீசல.

ஒங்க ராஹேல்