நொண்டும் கழுதையைச் சூளை வாசலில் திருப்பி அனுப்ப வேண்டாம்

அனுப்புநர்:
‘கொழுந்தியா’ என்னும் கழுதையின் சொந்தக்காரி,
கடைசி வீடு, செங்கல் சூளைக் குடியிருப்பு.

பெறுநர்:
கால்நடை மருத்துவ அலுவலர் அவர்கள்,
கால்நடை மருத்துவமனை.

பொருள்: நொண்டும் கழுதைகளை வேலைக்கு விடக்கூடாது என்ற உத்தரவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா, வணக்கம்.

1. எங்கள் சூளையில் பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத செங்கல், சுமப்பவை கழுதைகள்தான். புண்ணும் வீக்கமுமாக அவை சுமப்பதைப் பார்த்துவிட்டு, நொண்டும் கழுதையை உள்ளே விடக்கூடாது என்று தாங்கள் போன மாதம் உத்தரவிட்டீர்கள். அன்று தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானும் பார்த்தேன். நல்ல மனசோடு போட்ட உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2. அது முதல் காவல்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கழுதையின் நடையையும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி பார்க்கிறார். நொண்டினால் திருப்பி அனுப்பிவிடுகிறார். கழுதை ஓய்வெடுத்தால் எங்கள் அடுப்பும் சேர்ந்து ஓய்வெடுக்கும் என்பதால், எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு கால் நொண்டினால், நன்றாக இருக்கும் மற்றக் காலின் குளம்பு அடியில் ஒரு கூழாங்கல்லைத் திணித்துவிடுகிறார்கள். இரண்டு காலும் ஒன்றுபோல் வலிப்பதால் நடை நேராகிவிடுகிறது. காவல்காரரும் போகச் சொல்லிவிடுகிறார்.

3. கொழுந்தியா, என் கல்யாணத்தின்போது அப்பா என்னோடு அனுப்பிய குட்டி. என் வீட்டுக்காரர் கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மேய விடும்போது முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டும் நைலான் கயிறு அறுத்து, அவளுக்கு வலது காலில் புண். வியாழக்கிழமை திடீரென்று நேராக நடந்து வந்தாள். ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு என் ரொட்டியில் பாதியை அவளுக்கு ஊட்டினேன். சாயங்காலம் குளம்பைச் சுத்தம் செய்ய இடது காலைத் தூக்கியபோது கல் தட்டுப்பட்டது. அதை எடுத்ததும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

4. கல்லை வைத்தவர் என் வீட்டுக்காரர். கேட்டதற்கு, “வேற என்ன பண்ணச் சொல்ற? நொண்டுனா உள்ள விட மாட்டேங்கிறாங்களே” என்றவர், அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவரை நானே கவனித்துக்கொள்கிறேன்.

5. எனவே, காவல்காரர் நடையைப் பார்ப்பதோடு நிற்காமல் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். நொண்டும் கழுதைக்குச் சூளை ஓரத்திலேயே நிழலும் தண்ணீரும் மருந்தும் வேண்டும். அது தேறும்வரை அதன் ஆளுக்குக் கல் அடுக்கும் வேலையாவது தரும்படி தாங்கள் முதலாளியிடம் சொல்ல வேண்டும். கயிற்றுக்குப் பதிலாக அகலமான துணிப்பட்டை கட்டலாமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

6. நாளைக் காலை கொழுந்தியாவை நான்தான் ஓட்டி வருவேன். முதுகில் சுமை இருக்காது. அவள் நொண்டுவாள், எல்லோரும் பார்க்க நொண்டிக்கொண்டே வருவாள். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால் மறுநாளே மற்றவர்கள் மறுபடி கல் பொறுக்கப் போய்விடுவார்கள். தயவுசெய்து தாங்கள் வாசலுக்கு வந்து, அவளை உள்ளே கூப்பிட வேண்டுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவாள்.

இடம்: சூளைக் குடியிருப்பு
நாள்: மார்ச் 12, ஞாயிறு

இப்படிக்கு,
தங்களை நம்பியிருக்கும்,
(கையொப்பம்)
கொழுந்தியாவின் அக்கா